ஒரே இடத்தில் பந்து போட்டே 563 விக்கெட்: மெக்ராத்தை வைத்து லைன், லெங்த் புரிந்துகொள்வோம்

ஐபிஎல் பார்த்து கிரிக்கெட்டுக்குள் வந்த யாரிடமாவது கிளென் மெக்ராத்தின் பழைய வீடியோ ஒன்றைக் காட்டிப் பாருங்கள். "இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். வேகம் மணிக்கு 130, 135 கிலோமீட்டர் அளவில்தான். காலடியில் வந்து ஸ்டம்ப்பைப் பறக்கவிடும் யார்க்கர் அதிகம் இல்லை, வளைந்து வளைந்து போகும் ஸ்விங்கும் இல்லை. ஓடி வருகிறார், போடுகிறார், பேட்ஸ்மேன் மட்டையைத் தூக்கி விட்டுவிடுகிறார், கீப்பர் பிடிக்கிறார். திரும்பி நடக்கிறார், மறுபடியும் அதே பந்து.

இப்படிப் போட்டவர்தான் 124 டெஸ்ட்டில் 563 விக்கெட் எடுத்தார். சராசரி 21.64, அதாவது ஒரு விக்கெட்டுக்கு 22 ரன்கூடக் கொடுக்கவில்லை. ஓய்வு பெற்றபோது டெஸ்ட்டில் அவரைவிட அதிக விக்கெட் எடுத்த வேகப்பந்து வீச்சாளர் உலகத்தில் யாருமே இல்லை. பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும் அந்தப் பந்தில் என்னதான் இருந்தது என்று புரிந்துவிட்டால், டெஸ்ட் கிரிக்கெட்டில் பாதி புரிந்த மாதிரி. நம்பிச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு வார்த்தைகள். லைன் என்றால் பந்து வலது இடதாக எந்தக் கோட்டில் வருகிறது என்பது: லெக் ஸ்டம்ப்பை நோக்கியா, நடு ஸ்டம்ப்பை நோக்கியா, ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியேயா. லெங்த் என்றால் பந்து பிட்ச்சில் எந்த இடத்தில் குத்துகிறது என்பது, அதாவது பேட்ஸ்மேனுக்குப் பக்கத்திலா, தள்ளியா. பழைய வானொலி வர்ணனையில் "அளவு குறைந்த பந்து" என்பார்களே, அந்த அளவுதான் லெங்த். டிவியில் வல்லுநர்கள் "நல்ல லைன், நல்ல லெங்த்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடுவதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. ஒன்று சரியாக இருந்து இன்னொன்று தப்பினாலும் பந்து பவுண்டரிக்குப் போகும்.

சரி, நல்ல லைன் எது? நேராக ஸ்டம்ப்புக்குப் போடுவதுதானே நல்லது என்று தோன்றும். தெருவில் விளையாடும்போது நாம் எல்லோரும் அப்படித்தான் போட்டோம். ஆனால் நேராக ஸ்டம்ப்புக்கு வரும் பந்தில் பேட்ஸ்மேனுக்குக் குழப்பமே கிடையாது. ஆடித்தான் ஆகவேண்டும் என்று அவருக்குத் தெரியும், ஆடிவிடுவார். கொஞ்சம் காலுக்குப் போனால் தட்டிவிட்டு ரன் எடுப்பார். அதே மாதிரி, ஆஃப் ஸ்டம்ப்புக்கு ரொம்ப வெளியே போனாலும் குழப்பம் இல்லை. பேசாமல் விட்டுவிடலாம், ஆசை இருந்தால் கையை வீசி கட் அடிக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகலான இடம் இருக்கிறது. ஆஃப் ஸ்டம்ப்பின் மேல், அல்லது அதிலிருந்து ஒரு சாண் வெளியே. அங்கே வரும் பந்தை விட்டால் உள்ளே திரும்பி ஸ்டம்ப்பை அடிக்கலாம். ஆடினால் வெளியே திரும்பி மட்டையின் ஓரத்தைத் தொட்டு கீப்பரிடமோ ஸ்லிப்பிலோ போய் விழலாம். ஆங்கில வர்ணனையாளர்கள் இதை 'காரிடார் ஆஃப் அன்சர்ட்டன்டி' என்பார்கள். நான் சந்தேகச் சந்து என்று சொல்லிக்கொள்வேன். சந்து என்பதுதான் சரியான வார்த்தை, அவ்வளவு குறுகல்.

லெங்த்திலும் இதே கதைதான். பந்து பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் குத்தினால், அவர் முன்காலை நீட்டி, அது அசைவதற்கு முன்பே டிரைவ் அடித்துவிடுவார். ரொம்பத் தள்ளிக் குத்தினால், பின்காலுக்குப் போய், பந்து எழும்பி வருவதைப் பார்க்க நேரம் எடுத்துக்கொண்டு கட்டோ புல்லோ ஆடுவார். இரண்டுக்கும் நடுவே, ஸ்டம்ப்பிலிருந்து ஆறேழு மீட்டர் முன்னால் குத்தினால்? முன்னால் போனால் பந்து எட்டாது, பின்னால் போனால் நேரம் போதாது. கால் தடுமாறும். பந்து கையை விட்டுக் கிளம்பி பேட்ஸ்மேனை வந்து சேர ஏறக்குறைய அரை விநாடிதான். அந்த அரை விநாடியில் முன்னாலா பின்னாலா, ஆடுவதா விடுவதா என்று இரண்டு முடிவையும் எடுத்தாக வேண்டும்.

மெக்ராத் செய்தது இதுதான். அந்த இரண்டு கேள்வியையும் ஒரே பந்தில் கேட்டார். கேட்டதையே திரும்பத் திரும்ப, நாள் முழுக்கக் கேட்டார்.

இங்கே இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு இந்த விளையாட்டில் ரொம்பப் பிடித்த கணக்கு இது. பந்து எவ்வளவு அதிகமாகத் திரும்புகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்போம் இல்லையா? மட்டையின் அகலத்தைப் பாருங்கள். விதிப்படி அதிகபட்சம் 10.8 செ.மீ. அதாவது மட்டையின் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் இடையே ஐந்து செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பேட்ஸ்மேன் சரியாக ஆடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம், பந்து அந்த ஐந்து செ.மீ. நகர்ந்தால் ஓரத்தில் படும். பதினைந்து செ.மீ. நகர்ந்தால்? மட்டையைத் தாண்டிப் போய்விடும், கூட்டம் 'ஓ' என்று கத்தும், ஆனால் விக்கெட் கிடையாது. பார்க்க அழகான பந்துகள் நிறைய அப்படித்தான் வீணாகின்றன. மெக்ராத்தின் பந்து கொஞ்சமாகத்தான் நகர்ந்தது. தேவையும் அவ்வளவுதான்.

அந்தக் கொஞ்சம் எங்கிருந்து வந்தது? பந்தின் நடுவே தையல் இருக்கிறதே, சீம், அதை நிமிர்த்திப் பிடித்து, பந்து அந்தத் தையலிலேயே குத்தும்படி போடுவார். தையல் தரையில் படும்போது பந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ லேசாகத் திரும்பும். எந்தப் பக்கம் என்பது சில சமயம் போட்டவருக்கே தெரியாது, பேட்ஸ்மேனுக்கு எப்படித் தெரியும்? அப்புறம் உயரம். மெக்ராத் 195 செ.மீ. கையை நன்றாக மேலே உயர்த்திப் போடுவதால் பந்து மேலிருந்து இறங்கி, குத்தியதும் எழும்பும். பேட்ஸ்மேன் எதிர்பார்த்த இடத்தைவிட ஒரு விரற்கடை மேலே மட்டையில் படும். அதோடு, அம்பயருக்குப் பக்கத்தில், எதிர்முனை ஸ்டம்ப்பை ஒட்டி ஓடிவந்து போடுவார். அதனால் பந்து கோணல் இல்லாமல் நேராக வரும். நேராக வரும் பந்து லேசாக உள்ளே திரும்பினால் போல்டு அல்லது எல்பிடபிள்யூ, வெளியே திரும்பினால் கேட்ச். எல்லா வழியும் திறந்தே இருக்கும்.

இவர் வந்த வழியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1970-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் டப்போ என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது பக்கத்தில் நாரோமைன் என்ற சின்ன ஊரில், விவசாயக் குடும்பம். முன்னாள் ஆஸ்திரேலிய வீரர் டக் வால்டர்ஸ் கண்ணில் பட்டு, சிட்னிக்கு சதர்லண்ட் கிளப்புக்கு ஆடப் போனார். அங்கே வீடு இல்லாமல் ஒரு கேரவனில் தங்கி ஆடினார். கால்கள் ஒல்லியாக இருந்ததால் கூட ஆடியவர்கள் வைத்த பட்டப்பெயர் 'புறா'. 1993 நவம்பரில் பெர்த்தில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். உடனே பெரிய ஆள் ஆகிவிடவில்லை. 1995-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன அணியில் முக்கியமான வேகப்பந்து வீச்சாளர்கள் காயப்பட, இவர் தோளில் பொறுப்பு விழுந்தது. பதினைந்து வருடமாக எந்த டெஸ்ட் தொடரையும் தோற்காத அந்த அணியை ஆஸ்திரேலியா அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்றது. அதன் பிறகு மெக்ராத்தை யாரும் வெளியே உட்காரவைக்கவில்லை.

லெங்த் என்றால் என்ன என்று புரிய 1997 ஆஷஸ் தொடரைப் பார்க்கலாம். எட்ஜ்பாஸ்டனில் நடந்த முதல் டெஸ்ட்டில் மெக்ராத் அளவு குறைத்துக் குறைத்துப் போட்டார், அதாவது பேட்ஸ்மேனிடமிருந்து தள்ளிக் குத்தினார். ஆஸ்திரேலியப் பிட்ச்களில் பழகிய கை அது, இங்கிலாந்தில் அந்த அளவு வேலை செய்யவில்லை, ஆஸ்திரேலியா தோற்றது. அடுத்த டெஸ்ட் லார்ட்ஸ். பந்தைக் கொஞ்சம் பேட்ஸ்மேன் பக்கமாகக் கொண்டுபோய்க் குத்தினார். வேறு எதையும் மாற்றவில்லை. 38 ரன் கொடுத்து 8 விக்கெட், இங்கிலாந்து 77-க்கு ஆல் அவுட். ஒரே ஆள், அதே வேகம், இரண்டு டெஸ்ட். மாறியது குத்திய இடம் மட்டும்.

அதே லார்ட்ஸில் 2005-இல் நடந்ததைத்தான் நான் யாருக்கு விளக்கினாலும் உதாரணமாகச் சொல்வேன். லார்ட்ஸ் மைதானம் சமதளம் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இரண்டரை மீட்டர் அளவுக்குச் சரிகிறது. பெவிலியன் பக்கத்திலிருந்து போட்டால் அந்தச் சரிவு, வலது கை பேட்ஸ்மேனுக்குப் பந்தை உள்ளே கொண்டுவரும், இடது கை பேட்ஸ்மேனுக்கு வெளியே கொண்டுபோகும். ஆஸ்திரேலியா 190-க்கு ஆல் அவுட் ஆகியிருந்தது. இங்கிலாந்து ஆட வந்தது. மெக்ராத் பெவிலியன் பக்கம். முதலில் டிரெஸ்கோதிக், ஸ்லிப்பில் கேட்ச், மெக்ராத்தின் 500-ஆவது விக்கெட். அடுத்து ஸ்ட்ராஸ், அவரும் ஸ்லிப்பில் கேட்ச். இருவரும் இடது கை. அப்புறம் வான், போல்டு. பெல், போல்டு. பிளின்டாஃப், போல்டு. மூவரும் வலது கை. 21 ரன்னுக்கு 5 விக்கெட், ஐந்தும் இவருக்கே. இடது கைக்காரர்கள் ஆடி அவுட், வலது கைக்காரர்கள் உள்ளே வந்த பந்தில் அவுட். சந்தேகச் சந்தின் இரண்டு சுவரும் அந்த ஒரு மாலையில் கண்முன்னே தெரிந்தன. வீடியோ கிடைத்தால் அவசியம் பாருங்கள்.

'ஒரே இடம்' என்று தலைப்பில் போட்டிருக்கிறேன், அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். இயந்திரம் மாதிரி என்று அவரைப் பலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இயந்திரம் எந்த ஊரிலும் ஒரே புள்ளியில்தான் பந்தைக் குத்தும். மெக்ராத்தின் குறி பிட்ச்சில் இருந்த புள்ளி இல்லை, ஆஃப் ஸ்டம்ப்பின் உச்சி. பந்து கடைசியில் அங்கே போய்ச் சேரவேண்டும். ஸ்டம்ப்பின் உயரம் 71 செ.மீ. பெர்த் மாதிரி எகிறும் பிட்ச்சில் வழக்கமான இடத்தில் குத்தினால் பந்து ஸ்டம்ப்புக்கு மேலே போய்விடும், அதனால் இன்னும் பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் குத்தவேண்டும். எழும்பாத பிட்ச்சில் தள்ளிக் குத்தலாம். ஒவ்வொரு ஊரிலும் முதல் சில ஓவரிலேயே இந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிடுவார். 2004 டிசம்பரில் பெர்த்தில் பாகிஸ்தானை 72-க்குச் சுருட்டியபோது 24 ரன்னுக்கு 8 விக்கெட், அவருடைய சிறந்த பந்துவீச்சு அதுதான்.

அதே 2004-இல் இந்தியாவுக்கு வந்தபோது பார்த்தது வேறு மெக்ராத். இங்கே பந்து எழும்பாது, ஓரத்தில் பட்டாலும் ஸ்லிப் வரை போவது சந்தேகம். எனவே ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்கள் ஸ்லிப்பில் ஆட்களைக் குறைத்து, லெக் பக்கம் ஆட்களை நிறுத்தி, நேராக ஸ்டம்ப்புக்குப் போட்டார்கள். ரன் வராத பொறுமையின்மையில் நம் ஆட்கள் தப்பு செய்யட்டும் என்பது திட்டம். 1969-70-க்குப் பிறகு முதல்முறையாக இந்தியாவில் டெஸ்ட் தொடரை வென்றார்கள். நாக்பூர் டெஸ்ட் மெக்ராத்தின் 100-ஆவது டெஸ்ட்.

ரன் கொடுக்காமல் இருப்பதும் ஆயுதம்தான் என்பதை ஐபிஎல் ரசிகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் டெஸ்ட்டில் அது வேலை செய்யும் விதம் வேறு. மெக்ராத் ஓவருக்கு சராசரியாக 2.49 ரன்தான் கொடுத்தார். அவரிடம் ரன் வராதபோது பேட்ஸ்மேன் மறுமுனையில் தேடுவார். மறுமுனையில் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்ன். இருவரும் சேர்ந்து 104 டெஸ்ட் ஆடினார்கள், அவற்றில் இருவருக்குமாகச் சேர்த்து 1001 விக்கெட். யார் யாருக்கு விக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள் என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

இந்தப் பந்தை யாராலும் ஆட முடியவில்லையா? நன்றாகவே ஆடியிருக்கிறார்கள். 2000-இல் நைரோபியில் சச்சின் செய்தது நினைவிருக்கலாம். முதல் ஓவர்களிலேயே இறங்கி வந்து மெக்ராத்தைத் தூக்கி அடித்தார். எடுத்தது 38 ரன்தான், ஆனால் கிரீஸை விட்டு முன்னால் வந்தால் நல்ல லெங்த் என்பதே இல்லாமல் போய்விடுகிறது, அதுதான் விஷயம். பந்து வீச்சாளர் அளவை மாற்றித்தான் ஆகவேண்டும். 2001 கொல்கத்தாவில் லக்ஷ்மண் 281 அடித்தபோதும், டிராவிட்டுடன் ஒரு முழு நாள் அவுட் ஆகாமல் நின்றபோதும், எதிரே மெக்ராத்தும் வார்னும்தான் இருந்தார்கள். அடுத்த டெஸ்ட் சேப்பாக்கத்தில், இரண்டே விக்கெட் கையிலிருக்க ஹர்பஜன் வெற்றிக்கான ரன்னை அடித்தது மெக்ராத்தின் பந்தில். சச்சினுடனான கணக்கிலோ இரண்டு பக்கமும் வரவு உண்டு. 1999-இல் அடிலெய்டில் எழும்பாத பந்துக்குக் குனிந்து தோளில் வாங்கி சச்சின் எல்பிடபிள்யூ ஆனதும், 2003 உலகக் கோப்பை இறுதிப்போட்டியின் முதல் ஓவரிலேயே மெக்ராத் தன் பந்தில் தானே கேட்ச் பிடித்ததும் நம்மில் பலருக்கு இன்னும் ஆறாத காயம்.

ஆனால் ஒன்று, சிலருக்கு மெக்ராத்திடம் விடிவே இல்லை. இங்கிலாந்தின் ஆதர்ட்டனை 19 முறை அவுட் ஆக்கினார், லாராவை 15 முறை. 2000-இல் பெர்த் டெஸ்ட்டுக்கு முன்பே 300-ஆவது விக்கெட் லாராதான் என்று சொல்லி, சொன்னபடியே எடுத்தார், அதுவும் ஹாட்ரிக்கின் நடுப்பந்தில்.

அவர் இல்லாதபோது அவர் அருமை தெரிந்தது. 2005 லார்ட்ஸில் ஜெயித்த பிறகு, எட்ஜ்பாஸ்டன் டெஸ்ட் தொடங்கவிருந்த காலையில், பயிற்சியின்போது தரையில் கிடந்த பந்தை மிதித்துக் கணுக்கால் பிசகிவிட்டது. அன்றே இங்கிலாந்து 407 அடித்து, அந்த டெஸ்ட்டை 2 ரன்னில் வென்றது. அந்தத் தொடரில் இங்கிலாந்து வென்றது இரண்டே டெஸ்ட், இரண்டிலும் மெக்ராத் ஆடவில்லை.

ஒருநாள் போட்டியிலும் அதே லைன், அதே லெங்த், 381 விக்கெட். உலகக் கோப்பைகளில் மட்டும் 71, அதைத் தாண்டியவர் யாரும் இல்லை. 1999, 2003, 2007 என்று தொடர்ந்து மூன்று கோப்பை. 2007-இல் 37 வயதில் 26 விக்கெட் எடுத்து தொடர் நாயகன் விருதுடன் விடைபெற்றார். அதற்கு முந்தைய வருடம் மனைவி ஜேனின் புற்றுநோய்க்காகக் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜேன் 2008-இல் இறந்தார். இருவரும் தொடங்கிய மெக்ராத் அறக்கட்டளை, புற்றுநோயாளிகளுக்குத் துணை நிற்கும் செவிலியர்களுக்காக நிதி திரட்டுகிறது. ஜனவரியில் சிட்னி டெஸ்ட்டில் மைதானமே பிங்க் நிறமாகத் தெரிவது அதற்காகத்தான்.

டெஸ்ட்டில் அவர் போட்ட கடைசிப் பந்தும் விக்கெட்தான், 2007 ஜனவரியில், அதே சிட்னியில். அவுட் ஆனவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 2018-இல் 563-ஐத் தாண்டி அந்தச் சாதனையை எடுத்துக்கொண்டவரும் அதே ஆண்டர்சன்தான்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு தகவல். சேத்துப்பட்டில் எம்சிசி பள்ளி மைதானத்தில் இருக்கும் எம்ஆர்எஃப் பேஸ் பவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையத்தில், முன்னாள் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்குப் பிறகு 2012-இல் பயிற்சி இயக்குநராக வந்தவர் மெக்ராத். இளைஞராக இருந்தபோது அங்கே பயிற்சிக்கு வந்தவரும்கூட.

இனி டெஸ்ட் மேட்ச் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். முதல் பத்து ஓவர் ஸ்கோரைப் பார்க்க வேண்டாம். பேட்ஸ்மேன் விட்டுவிடும் பந்துகளை மட்டும் கவனியுங்கள். பந்து கையை விட்டதுமே மட்டையைத் தூக்கிவிட்டாரென்றால் அவருக்குச் சந்தேகமே இல்லை, வீச்சாளர் வெளியே போட்டுக் கொண்டிருக்கிறார். மட்டையை நீட்டி, கடைசி நொடியில் பின்னுக்கு இழுத்து, பந்து போன பிறகு திரும்பித் தன் ஆஃப் ஸ்டம்ப்பை ஒரு முறை பார்க்கிறாரா? அப்போது சேனலை மாற்றாதீர்கள்.